முதல் பத்து நிமிடம் குளிர், அப்புறம் வெக்கை: பழைய காரின் ஏசியில் எங்கே பார்ப்பது?

கேள்வி: ஐயா, நான் கரூரில் வசிக்கிறேன். குளித்தலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. 2008-இல் பதிவான பெட்ரோல் செடான் காரில் தினமும் போய் வருகிறேன். அதில் இருப்பது, வேண்டிய டிகிரியை வைத்துவிட்டால் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் ஏசி. ஆறு மாதமாக ஒரு தொல்லை. வண்டியைக் கிளப்பிய முதல் பத்து நிமிடம் நல்ல குளிர் வருகிறது. மாயனூரை நெருங்குவதற்குள் வெதுவெதுப்பான காற்றுதான். காற்றின் வேகம் குறைவதில்லை, மாறாகப் புயல்போல் அடிக்கிறது. 18 டிகிரிக்கு இறக்கினால் டேஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று பத்துப் பதினைந்து தடவை சத்தம் கேட்கிறது. காற்று வரும் துவாரங்களிலிருந்து கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ விழுகிறது. உள்ளூர் மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்து, கேஸ் குறைவு என்று ஐந்து மாதத்தில் இரண்டு முறை நிரப்பினார். இன்னொருவர் கம்ப்ரசரையே மாற்ற வேண்டும், 28,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா? நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா? தொல்லையே வேண்டாம் என்று சாதாரண, கையால் திருகும் ஏசியாக மாற்றிவிடலாமா?

பதில்:

கம்ப்ரசருக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கம்ப்ரசரின் மேல் சந்தேகப்படுவதற்கான அடையாளம் ஒன்றுகூட அதில் இல்லை. மாறாக, கோளாறு டேஷ்போர்டுக்குள் இருக்கிறது என்பதற்கு நீங்களே நான்கு சாட்சிகளை எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து முடிவாகச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் இரண்டு நிமிடத்தில், வெறும் கையால் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அதைச் செய்து பார்க்காமல் யார் என்ன சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

முதலில், உங்கள் காரில் குளிர் எப்படி உங்களிடம் வந்து சேர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கையால் திருகும் ஏசியானாலும் தானியங்கி ஏசியானாலும் அதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. குளிரை உண்டாக்குவது ஒன்று. அது கேஸை அழுத்தும் கம்ப்ரசர், அதன் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, காற்றைச் சில்லிட வைக்கும் கூலிங் காயில் ஆகியவற்றின் வேலை. உண்டான குளிரை வேண்டிய அளவுக்குக் கலந்து அனுப்புவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ப்ளோயர் தள்ளும் காற்று முழுவதும் கூலிங் காயில் வழியாகப் போய்ச் சில்லிட்டு வருகிறது. அதன் பிறகு அதில் ஒரு பகுதி, எஞ்சினிலிருந்து வரும் சுடுநீர் ஓடும் ஹீட்டர் காயில் வழியாகத் திருப்பி விடப்பட்டு, மறுபடி குளிர்ந்த காற்றோடு சேர்க்கப்படுகிறது. குளிக்கிற தண்ணீரை விளாவுகிறோமே, அதே கணக்குதான். விளாவும் கையாக இருப்பது ஒரு பிளாஸ்டிக் கதவு. மெக்கானிக்குகள் அதை ஃப்ளாப் என்பார்கள். நீங்கள் 24 என்று வைத்தால், கண்ட்ரோல் யூனிட் வண்டிக்குள் இருக்கும் வெப்பம், வெளி வெப்பம், வெயிலின் கடுமை, கூலிங் காயிலின் குளிர்ச்சி ஆகியவற்றை சென்சார்கள் மூலம் தெரிந்துகொண்டு, ஒரு சிறு மோட்டாரைக் கொண்டு அந்த ஃப்ளாப்பை நகர்த்துகிறது. முழுக் குளிர் வேண்டும் என்றால் ஃப்ளாப் ஹீட்டர் பக்கத்தை இறுக்கமாக மூடிவிட வேண்டும்.

அந்த ஃப்ளாப் பாதியில் நின்றுவிட்டால் என்ன நடக்கும்? கிளப்பியவுடன் எஞ்சின் ஆறியிருக்கிறது. ஹீட்டர் காயிலில் ஓடும் நீரும் ஆறியே இருக்கும். ஆகவே ஃப்ளாப் திறந்து கிடந்தாலும் தெரியாது, நல்ல குளிர் வரும். எட்டுப் பத்து நிமிடத்தில் எஞ்சின் தன் வேலை வெப்பத்தை, அதாவது ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரியை எட்டும்போது, அதே நீர் ஹீட்டர் காயிலைக் கொதிக்க வைக்கிறது. குளிர்ந்து வந்த காற்றில் பாதி அதன்மேல் பட்டுச் சுடுகாற்றாகித் திரும்புகிறது. நீங்கள் எழுதிய நேரக் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது. ப்ளோயர் புயல்போல் அடிப்பதற்கும் காரணம் இதுவே: வண்டிக்குள் 24 டிகிரி வரவில்லையே என்று கண்ட்ரோல் யூனிட் காற்றை அதிகப்படுத்திக்கொண்டே போகிறது. ப்ளோயர் தனக்கு இட்ட கட்டளையைத்தான் செய்கிறது. அதில் பழுது தேட வேண்டாம்.

'டக் டக்' சத்தம்தான் மிகப் பெரிய சாட்சி. ஃப்ளாப்பை நகர்த்தும் மோட்டாரின் உள்ளே விரல் நகம் அளவுக்குச் சிறிய பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இரண்டு மூன்று இருக்கும். பதினைந்து வருடச் சூட்டில் அந்த பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு பல் உடைந்தால், மோட்டார் தள்ளத் தள்ள அடுத்த சக்கரம் அதே இடத்தில் வழுக்கி வழுக்கி விழும். ஒவ்வொரு வழுக்கலுக்கும் ஒரு 'டக்'. 18-க்கு இறக்கும்போது ஃப்ளாப்பை முழுக்கக் குளிர்ப் பக்கம் கொண்டுபோகச் சொல்லிக் கட்டளை போகிறது. போக முடியாமல் திரும்பத் திரும்ப முயன்று, பிறகு கண்ட்ரோல் யூனிட் விட்டுவிடுகிறது. பத்துப் பதினைந்து தடவையோடு சத்தம் நின்றுவிடுவது அதனால்தான்.

கறுப்புப் பொடியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முக்கியமான தகவல். ஃப்ளாப்பின் இரு முகத்திலும் காற்று கசியாமல் இருக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் சூட்டையும் ஈரத்தையும் மாறி மாறிப் பார்த்து அது மட்கி உதிரத் தொடங்கும். அந்தத் துணுக்குகள்தான் உங்கள் டேஷ்போர்டின் மேல் விழுபவை. ஈரத் துணியால் ஒரு துணுக்கை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்போடு மாவாக நசுங்கினால் ஸ்பாஞ்சுதான். சில கார்களில் அந்த ஃப்ளாப் ஓட்டைகள் விட்ட தகடாக இருந்து, ஸ்பாஞ்சே ஓட்டையை மூடும் திரையாகவும் இருக்கும். அங்கே ஸ்பாஞ்சு போய்விட்டால், புது மோட்டார் போட்டு ஃப்ளாப்பைச் சரியாக மூடினாலும் ஓட்டை வழியாகச் சூடு வந்துகொண்டேயிருக்கும். மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு 'இன்னும் சரியாகவில்லையே' என்று திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இப்போது கையால் செய்யும் சோதனை. வெக்கைக் காற்று வர ஆரம்பித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் குளிர்ந்த எஞ்சினில் செய்தால் பயனில்லை. மாயனூர்ப் பக்கம் நிழலாக, சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கை இழுத்து, எஞ்சினும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானட்டைத் திறவுங்கள். முடியுமானால் இன்னொருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எல்லாவற்றையும் முதலில் செருகிக்கொள்ளுங்கள். சுற்றும் பெல்ட்டின் அருகிலும் ரேடியேட்டர் ஃபேன் அருகிலும் கை போகவே கூடாது, அந்த ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும். எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள இரும்புச் சுவரில் இரண்டு அலுமினியக் குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நுழைவதைக் காண்பீர்கள். ஒன்று பென்சில் பருமன், மற்றொன்று கட்டைவிரல் பருமன். அந்தப் பருத்த குழாயை மட்டும் தொடுங்கள். கம்ப்ரசரிலிருந்து முன்பக்கம் கண்டென்சருக்குப் போகும் குழாயைத் தொட்டுவிடாதீர்கள், கை சுட்டுவிடும்.

பருத்த குழாய் ஜில்லென்று, மண்பானை போல வியர்த்து, நீர்த்துளி கோத்து நிற்கிறதா? அப்படியானால் கேஸ் இருக்கிறது, கம்ப்ரசர் வேலை செய்கிறது, குளிர் உண்டாகிறது. உங்களிடம் வந்து சேருவதற்குள் அதை எதுவோ சூடாக்குகிறது. 28,000 ரூபாய்க்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. சமையலறைக்கு வாங்கும் குச்சித் தெர்மாமீட்டர் இருந்தால் நடுத் துவாரத்தில் செருகி வையுங்கள். குழாய் கை கூசும் குளிரில் இருக்கும்போது துவாரத்தில் 20 டிகிரிக்கு மேல் காட்டினால், மெக்கானிக்கிடம் வாதாட வேண்டிய தேவையே இருக்காது. வெளியில் 35 டிகிரி வெயில் இருந்தாலும், உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை அழுத்தி வைத்திருக்கும் நல்ல ஏசியில் அந்தத் துவாரத்தில் ஏறக்குறைய 6 முதல் 12 டிகிரிக்குள் காட்ட வேண்டும்.

ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. அதை மெக்கானிக் செய்யட்டும். அதே இரும்புச் சுவரில் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் ஹீட்டர் காயிலுக்குப் போகும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, அவற்றில் ஒன்றைத் துணி சுற்றி, ஹோஸ் அமுக்கும் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். சுடுநீர் போகாவிட்டால் ஹீட்டர் காயில் சூடாகாது. மாயனூர் தாண்டியும் குளிர் நிற்குமானால் குற்றவாளி ஃப்ளாப்தான். வெறும் குறடு போட்டு நெரிக்க விடாதீர்கள். பதினைந்து வருட ரப்பர் வெடித்து, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்) கொட்டி, ஏசிக் கோளாறு எஞ்சின் கோளாறாகிவிடும்.

குழாய் குளிராமல் வெதுவெதுப்பாக இருந்தால் நான் மேலே சொன்னது பொருந்தாது. விசாரணை எஞ்சின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் கம்ப்ரசர் கடைசிச் சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். கம்ப்ரசரின் முகத்தில் மேக்னெட்டிக் கிளட்ச் என்று ஒன்று உண்டு. பெல்ட் சுற்றும் புல்லி (சக்கரம்) எப்போதும் சுற்றும், அதன் முன்னால் உள்ள தட்டு ஏசி ஓடும்போது மட்டும் காந்தத்தால் இழுக்கப்பட்டு ஒட்டிக்கொண்டு சுற்றும். தேய்ந்த கிளட்ச்சில் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளி அதிகமாகிவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது காந்தம் இழுத்துவிடும். சூடேறியபின் கிளட்ச்சின் காந்தச் சுருளில் மின்தடை கூடிக் காந்தம் வலுவிழந்து தட்டை விட்டுவிடும். இதுவும் 'முதலில் குளிர், பிறகு வெக்கை' என்றுதான் காட்டும். பல கம்ப்ரசர்களில் அந்த இடைவெளி 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மெல்லிய வாஷரை எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும் வேலை இது. தட்டு நின்றுபோனதைப் பார்த்துவிட்டு கம்ப்ரசர் போய்விட்டது என்று முழுதாக மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதே போல் தோற்றம் தரும் மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். கூலிங் காயிலில் பனி படிந்து அடைத்துக்கொண்டாலும் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் குளிர் போய்விடும். ஆனால் அப்போது காற்றே வராது, ப்ளோயர் இரையும், முகத்தில் ஒன்றும் படாது. உங்களுக்குக் காற்று குறையவில்லை, ஆகவே அதுவல்ல. கண்டென்சர் ஃபேன் ஓடாவிட்டால் சிக்னலிலும் ரயில்வே கேட்டிலும் நிற்கும்போது வெக்கை வந்து, ஓடும்போது குளிர் திரும்பும். உங்களுக்கு நெடுஞ்சாலையில் ஓடும்போதே வெக்கை வருகிறது. ஏசிக் கோளாறில் 'என்ன ஆகிறது' என்பதைவிட 'எப்போது ஆகிறது' என்பது அதிகம் பேசும். நீங்கள் நேரத்தையும் இடத்தையும் குறிப்பிட்டு எழுதியதால்தான் இவ்வளவும் சொல்ல முடிகிறது.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன்; இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஏசி கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வது இல்லை. மூடிய சுற்றில் அது திரும்பத் திரும்ப ஓடுகிறது. ரப்பர் ஹோஸ்களிலும் சீல்களிலும் வருடத்துக்குச் சிறிதளவு கசிவது இயல்பு, ஆனால் ஐந்து மாதத்தில் இரண்டு முறை நிரப்பும் அளவுக்குக் குறைந்தால் பெரிய ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையைத் தேடாமல் நிரப்பியது முதல் தவறு. மீட்டரை மட்டும் பார்த்துக் கேஸ் குறைவு என்று சொன்னது இரண்டாவது தவறு. உங்கள் காரின் கேஸ் ஆர்134ஏ. எஞ்சின் நின்றிருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில் அது ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதையேதான் காட்டும். கொஞ்சமாவது திரவமாக உள்ளே இருக்கும்வரை அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததல்ல. சமையல் கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று அழுத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது, தூக்கித்தான் பார்க்க வேண்டும் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

ஏசி ஓடும்போதுள்ள அழுத்தம் ஓரளவு உண்மை பேசும். 35 டிகிரி வெயிலில், எஞ்சின் 1,500 சுற்றில் ஓடும்போது தாழ்வழுத்தப் பக்கம் 25 முதல் 45 பிஎஸ்ஐ வரையிலும், உயரழுத்தப் பக்கம் 200 முதல் 250 பிஎஸ்ஐ வரையிலும் இருப்பது இயல்பு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் கூடுதலாக இருக்கலாம், அல்லது கண்டென்சரில் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம். உங்கள் வண்டியில் கூடுதலாக ஏற்றப்பட்டிருக்கும் என்றே அஞ்சுகிறேன். அது கம்ப்ரசரை வீணாகச் சிரமப்படுத்தும். கம்ப்ரசர் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கும்: தாழ்வழுத்தம் 70 பிஎஸ்ஐ-யை நோக்கி ஏறி நிற்கும், உயரழுத்தம் 150-ஐக்கூடத் தாண்டத் திணறும். மாற்றச் சொன்னவரிடம் இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முறையாகப் பார்த்தவர் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்.

ஃப்ளாப் வேலையைத் தொடங்கும் முன்பே, உள்ளே இருக்கும் கேஸ் முழுவதையும் இயந்திரத்தில் இழுத்து எடுத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்குவம் போட்டு (குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை கிராம் என்று உள்ளதோ அத்தனை கிராம் மட்டும் எடை போட்டு ஏற்ற வேண்டும். உங்கள் அளவுள்ள கார்களில் அது பெரும்பாலும் 400-க்கும் 600-க்கும் இடைப்பட்டதாக இருக்கும். காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். ஒரு கிலோ ஆர்134ஏ, நூறாண்டுக் கணக்கில், 1,400 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. விலை மலிவு என்று முத்திரையில்லாத சிலிண்டரிலிருந்து ஏற்றவும் விடாதீர்கள். அப்படி விற்பவற்றில் எரியும் வாயு கலந்திருந்தால், கூலிங் காயில் கசியும் நாளில் அது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வரும்.

தானியங்கி ஏசி என்பதால் சென்சார்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஸ்டியரிங் அருகே, சட்டைப் பித்தான் அளவில் சிறு கட்டம் போட்ட துளை ஒன்று இருக்கும். உள்ளே உள்ள சென்சார் வண்டிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி அளக்கும் இடம் அது. ப்ளோயர் ஓடும்போது மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை அருகில் கொண்டுபோனால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் பின்னால் உள்ள சிறு குழாய் கழன்றிருக்கும், அல்லது தூசி அடைத்திருக்கும். அப்போது சென்சார் டேஷ்போர்டின் சொந்தச் சூட்டைத்தான் அளந்துகொண்டிருக்கும். முன் கண்ணாடியின் அடியில், டேஷ்போர்டின் மேல் கறுப்புக் குமிழ்போல் இருப்பது வெயில் சென்சார். நம் வண்டிகளில் அந்த இடத்தில்தான் பிள்ளையாரை வைப்போம், துண்டு விரிப்போம். பிள்ளையாரை ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். முன் பம்பருக்குள் இருக்கும் வெளி வெப்ப சென்சாரை, பம்பர் வேலை ஏதாவது செய்தபோது மாட்டாமல் விட்டிருந்தால், வெளியில் உறைபனி என்று எண்ணிக்கொண்டு கம்ப்ரசரையே ஓட விடாத கார்களும் உண்டு.

பல தானியங்கி ஏசிகள் தங்கள் கோளாறைத் தாமே சொல்லும். பொத்தான் வரிசை காருக்குக் கார் மாறும். எடுத்துக்காட்டாக, டொயோட்டாவின் பல பழைய மாடல்களில் ஆட்டோ பொத்தானையும் உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி சாவியைத் திருப்பினால் திரையில் எண்கள் வரும். 00 என்றால் பதிவான கோளாறு இல்லை; 11 உள் சென்சார், 12 வெளி சென்சார், 13 கூலிங் காயில் சென்சார்; 31-உம் 41-உம் ஃப்ளாப்பைச் சேர்ந்தவை. 21 வெயில் சென்சாரைக் குறிக்கும், ஆனால் ஷெட்டின் இருட்டில் செய்தால் நல்ல சென்சாருக்கும் 21 வரும். ஆகவே வெயிலில் நிறுத்திச் செய்ய வேண்டும். உங்கள் காருக்கான முறையை அதன் சர்வீஸ் கையேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் கோளாறு படிக்கும் சாதாரணச் சின்ன ஸ்கேனர் இந்த எண்களைக் காட்டாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மோட்டார் நன்றாகச் சுற்றி, அதற்கு அப்பால் ஃப்ளாப்பின் தண்டு மட்டும் உடைந்திருந்தால் எந்த எண்ணும் வராது, ஏனெனில் மோட்டார் எங்கே நிற்கிறது என்பது மட்டுமே கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியும். அதனால்தான் கையால் தொட்டுப் பார்க்கும் சோதனையை நான் முதலில் வைத்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறு இன்னும் மனத்தை உறுத்துகிறது. ஒரு முதியவரின் காருக்கு, இதே போன்ற புகாருக்கு, குழாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கம்ப்ரசர் மாற்றினேன். மூன்றாம் நாள் அதே வெக்கையோடு வந்து நின்றார். கோபப்படவில்லை, 'கொஞ்சம் பாருப்பா' என்றார். டேஷ்போர்டைப் பிரித்தபோது, முன் கண்ணாடியின் அடித் துவாரம் வழியாக விழுந்த ஒரு பால்பாயிண்ட் பேனா ஃப்ளாப்பின் இடுக்கில் குறுக்கே கிடந்தது. பேனாவை எடுத்ததும் ஃப்ளாப் விரலால் தள்ளினாலே மூடிக்கொண்டது. கம்ப்ரசர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆசிரியர்களின் வண்டியில் பேனாவும் சாக்பீஸும் புரள்வது இயல்பு என்பதால் உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

இனி வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, உங்கள் காரில் ஏர்பேக் இருந்தால் சில நிமிடம் காத்திருந்துதான் டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். மஞ்சள் நிற கனெக்டர்களைத் தொடவே கூடாது. ஃப்ளாப் மோட்டார் சில கார்களில் கால் வைக்கும் பக்கத்திலிருந்தே எட்டும், இரண்டு மூன்று ஸ்க்ரூக்களில் வந்துவிடும். மோட்டாரைக் கழற்றியதும் ஃப்ளாப்பின் தண்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும்: ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடையில்லாமல் போய் 'தப்' என்று மூட வேண்டும். தண்டு இறுக்கமாக இருந்தால் புது மோட்டாரின் பல்லும் சில மாதத்தில் உடையும். மோட்டார் புதிதாகக் கிடைத்தால் புதிதையே வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழையது கிடைக்கும். ஆனால் அதன் பற்சக்கரத்துக்கும் உங்களுடையதன் வயதுதான். பொருத்திய பின், கண்ட்ரோல் யூனிட் ஃப்ளாப்பின் இரு கோடிகளையும் மறுபடி கற்றுக்கொள்ள ஒரு முறை உண்டு; கையேட்டில் இருக்கும், அதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

உங்கள் காரில் ஸ்பாஞ்சு உதிர்வதால், டேஷ்போர்டை முழுதாக இறக்கி ஹீட்டர் பெட்டியைத் திறக்க வேண்டிவரும் என்று எண்ணுகிறேன். கூலியில் பெரும்பகுதி இறக்குவதற்கும் ஏற்றுவதற்குமே போகும். ஆகவே திறந்த கையோடு ஃப்ளாப்களுக்குப் புது ஸ்பாஞ்சு ஒட்டி, கூலிங் காயிலைக் கழுவி, அதில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி படிந்த இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் கசிவு அங்கேதான். கூலிங் காயிலை எக்ஸ்பான்ஷன் வால்வோடு அப்போதே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். இன்னொரு கோடையில் அதே டேஷ்போர்டுக்கு இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டாம்.

சாமான் வரும்வரை தற்காலிகமாக, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் காயிலிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று இணைத்துவிட்டு ஓட்டலாம். வெறுமனே அடைத்துவிட வேண்டாம், சில எஞ்சின்களில் கூலன்ட் சுற்றிவர அந்த வழியும் வேண்டும். இதையே நிரந்தரமாக்கி 'நம் ஊருக்கு ஹீட்டர் எதற்கு' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் மழையும் மூடுபனியுமாக முன் கண்ணாடி உள்பக்கம் வெளுத்துப்போகும்போது, ஏசி உலர்த்திய காற்றை ஹீட்டர் சூடாக்கிக் கண்ணாடியில் அடித்தால்தான் ஒரு நிமிடத்தில் பாதை தெரியும்.

கையால் திருகும் ஏசியாக மாற்றும் எண்ணத்தைக் கைவிடுங்கள். அதற்கும் இதே ஃப்ளாப்தான், இதே ஸ்பாஞ்சுதான். மோட்டாருக்குப் பதில் கம்பி இழுக்கும். உங்கள் காரின் ஒயரிங்கை வெட்டி ஒட்டி, புதிதாகப் பத்துக் கோளாறுகளுக்கு இடம் கொடுப்பதைத் தவிர அதில் லாபமில்லை.

சித்திரை, வைகாசியில் ஏசிக் கடைகளில் கூட்டம் தாங்காது, வேலை அவசரத்தில் நடக்கும். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் இரண்டு நாள் வண்டியைக் கொடுங்கள். கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி, டேஷ்போர்டை மூடுவதற்கு முன்பே மூடியைத் திறந்து பற்சக்கரத்தைப் பாருங்கள். பல் உடைந்தோ மழுங்கியோ இருந்தால் எண்ணியது சரி, மூடச் சொல்லலாம். பல் எல்லாம் முழுதாக இருந்தால், சத்தம் வந்தது ஃப்ளாப்பின் தண்டு பொருந்தும் இடத்திலிருந்து. அதைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு ஸ்க்ரூவைக்கூட முடுக்க விடாதீர்கள்.